பாபநாசம் எத்தனை அடி? தாத்தாவின் நினைவாக நாங்கள் எழுதியவை

மூத்த மகன் வழிப் பேரன்:

தாத்தா கடந்த மாசியில் தம்முடைய 91-ஆவது வயதில் காலமானார். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஊருக்கு வந்த அப்பா, சென்னையில் வேலை பார்த்த காலம் முழுவதும் தாத்தா தமக்கு எழுதிய அஞ்சலட்டைகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்து வந்திருந்தார். அன்று மாலை பந்தல் பிரித்த பிறகு, பட்டாசாலையில் ஆச்சியைச் சுற்றி உட்கார்ந்து அவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் படித்தோம். அவரோடு பழகியவர்கள் ஒவ்வொருவரும் தமக்கு நேர்ந்ததை எழுதி வைக்கவேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தோம், நான் தொடங்குகிறேன்.

எல்லாக் கார்டுகளும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. மேலே நடுவில் பிள்ளையார் சுழி, வலது ஓரத்தில் தேதி, அதன் கீழே நீல மையில், "பாபநாசம் 97 அடி. மணிமுத்தாறு 81. இங்கு யாவரும் நலம்." முதலில் அணை, பிறகுதான் மனிதர்கள், இந்த வரிசையை அவர் மாற்றியதே இல்லை. சிறுவயதில் இது எனக்கு வருத்தமாக இருந்தது. பேரன் பரீட்சையில் தேறினானா என்ற விசாரணை ஏழாவது வரியில்தான் வரும்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயின் பாசனத்தில் இருக்கிறது. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். ஜூன் 1 அன்று அணை திறந்தால் கார் என்ற முதல் போக நெல் சாகுபடி உண்டு. அணையில் தண்ணீர் இல்லையென்றால் கார் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பிசானம் என்ற இரண்டாம் போகம் மட்டும்தான். ஆகவே அந்த ஓர் எண்ணைப் படித்தாலே வீட்டில் நெல் இருக்கிறதா, கடன் வாங்கியிருக்கிறார்களா, ஆச்சியின் சங்கிலி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். ஒரு கார்டிலும் தாத்தா பணம் கேட்டதில்லை. வைகாசி மாதக் கார்டு ஒன்றில் "பாபநாசம் 38 அடி. இங்கு யாவரும் நலம்" என்று மட்டும் இருக்கிறது, அதன் ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தில், மணியார்டர் அனுப்பிய தேதி பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கிறது. அணை நிரம்பிய ஆண்டுகளில், "அரிசி மூட்டை லாரி ஆபீசில் போட்டிருக்கிறது, ரசீது இத்துடன்" என்று எழுதி, ரசீதை உறையில் வைத்து அனுப்பியிருக்கிறார். தகப்பனும் மகனும் இப்படியே முப்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் தாங்கியிருக்கிறார்கள் என்பது அன்று டின்னைத் திறந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அணை மட்டம் இல்லாத கார்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1992 நவம்பர் 13 அன்று தாமிரபரணியில் வந்த பெருவெள்ளத்துக்கு நான்கு நாள் கழித்து எழுதியது. பிள்ளையார் சுழிக்குக் கீழே நேராகப் பெயர்கள் தொடங்குகின்றன. ஆற்றங்கரைத் தெருவில் இருந்த வீட்டுக்காரர்களின் பெயர்கள் முதலில், எங்கள் வீட்டார் கடைசியில். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "சுகம்" என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார். ஒரு கோடு இழுத்து மொத்தமாக "எல்லோரும் சுகம்" என்று முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கார்டில் இடம் போதாமல் முகவரிப் பக்கத்தின் ஓரத்தில், "பசு ஒன்றும் கன்றும் போயின" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இதை அப்பா வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியைச் சித்தப்பா வாங்கிப் படித்தார்.

இரண்டாவது மருமகள்:

நான் 1984-இல் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தேன். எங்கள் ஊரில் பருத்தியும் கம்பும் உளுந்தும்தான். வானம் பார்த்த பூமி. குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு, வாசலுக்கு எதிரே கால்வாய் ஓடும் ஊரில் கை தாராளமாக வரவில்லை. செம்புத் தண்ணீரில் பாத்திரம் துலக்குவேன். அரிசி களைந்த தண்ணீரை எடுத்து வைப்பேன். அத்தை இதைக் கவனிக்கவில்லை; மாமா கவனித்துவிட்டார். "அந்தப் பிள்ளை தண்ணியக் கண்டு பயப்படுது. நாளைக்குக் கூட்டிட்டு வா" என்று அத்தையிடம் சொல்லி, மறுநாள் விடியற்காலையில் எங்கள் இருவரையும் கால்வாய்க் கரை வழியாகக் குளம் வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் ஒரு பசுவின் பின்னாலேயே நடந்து, அது போன வழியில் கால்வாய் வெட்டி, அது படுத்த இடத்தில் குளம் வெட்டினார் என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் கதையை அன்றுதான் அவர் வாயால் கேட்டேன். குளம் பெருகி, மிகுதித் தண்ணீர் வெளியேறும் மறுகாலில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வெகுநேரம் அங்கேயே நின்றேன். மாமா அவசரப்படுத்தவில்லை.

அந்த வாரத்திலிருந்து அவர் என் தகப்பனாருக்கும் கார்டு போடத் தொடங்கினார். அந்தக் கார்டுகளில் அணை மட்டம் கிடையாது, "அங்கு மழை உண்டா?" என்பதுதான் முதல் வரி. சம்பந்தி என்ற மரியாதைக்கு ஒரு கடிதம் போட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இவர் என் தகப்பனார் இருந்தவரைக்கும் மாதம் ஒரு கார்டு எழுதினார். மழை இல்லை என்று பதில் வந்த ஒரு வருஷம், பிசான அறுப்பு முடிந்ததும் ஒரு லாரி வைக்கோலை எங்கள் ஊருக்கு ஏற்றி அனுப்பினார். அனுப்பப் போவதாக யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. மாடுகளை விற்கச் சந்தைக்குப் பேசி வைத்திருந்ததாகவும், வைக்கோல் வந்து இறங்கியதும் விற்பதை நிறுத்திவிட்டதாகவும் என் அம்மா பிறகு சொன்னபோதுதான் எனக்குத் தெரியும்.

1986-இல் திருநெல்வேலி மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, நான் பிறந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் போனது. மருதூரும் ஸ்ரீவைகுண்டமும், ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இரண்டும், அந்தப் பக்கம் போயின. "கணக்குத்தான் ரெண்டு, தண்ணி ஒண்ணுதான்" என்று மாமா சொல்லுவார்.

நீர்ப்பாய்ச்சியின் மகன்:

என் தகப்பனார் அந்த வயல் பத்தில் நாற்பது ஆண்டுகள் தண்ணீர் பாய்ச்சியவர். பெரியவர் வீட்டுத் திண்ணையில்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினேன். செய்தித்தாளில் அணைகளின் நீர்மட்டம் போடும் கட்டத்தை நான் வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பார். தவறாக வாசித்தால், "இன்னொரு தடவை பாருய்யா" என்பார். ஒரு நாளும் கையிலிருந்து பேப்பரை வாங்கியதில்லை.

ஒரு கார் பருவத்தில் தண்ணீர் மிகவும் குறைந்து முறை வைத்துப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஓர் இரவு மேல்மடைக்காரர் ஒருவர் வைக்கோலும் சேறும் வைத்து வாய்க்காலை அடைத்துவிட்டார். கீழே பெரியவரின் வயலையும் சேர்த்து ஏழு பேருடைய பயிர் கதிர் தள்ளும் நேரம். என் தகப்பனார் டார்ச் லைட்டோடு போய்ப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று தெரிந்துகொண்டு, ஆத்திரத்தோடு பெரியவரை எழுப்பினார். "பேரை இன்னொருத்தர்கிட்டச் சொல்லாத" என்றார் அவர். விடிந்ததும் அந்த வீட்டுக்குத் தனியாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்து, "பயிர் எப்படி இருக்கு? பூச்சி உண்டா?" என்று விசாரித்து, அந்த வீட்டுப் பெண்ணுக்கு வந்திருந்த வரனைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வந்தார். அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. என் தகப்பனார் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். இப்போது ஊரில் முறைத் தண்ணீருக்குச் சண்டை வந்தால் காவல் நிலையம் வரைக்கும் போகிறது. அப்படிப் போகாமல் தடுக்கும் ஆள் ஊரில் ஒருவர் இருந்தார் என்பதை எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ளவேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கடைசிப் பேத்தி:

தாத்தாவுக்குக் கண் மங்கிய பிறகு நான்தான் தினமும் போனில் அணை மட்டம் வாசித்தேன். 2023 டிசம்பர் 17-உம் 18-உம் பெய்த மழையில் ஊரில் மின்சாரம் போய், போனும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் லைன் கிடைத்ததும் நான் அழுதுகொண்டே, "எப்படி இருக்கிய தாத்தா?" என்று கேட்டதற்கு, "நாங்க மேட்டுல இருக்கோம். ஸ்ரீவைகுண்டத்துக்கு என்ன ஆச்சு?" என்றார். அங்கே ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கியிருந்ததையும், பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்ததையும் வாசித்துக் காட்டினேன். "அரிசி யாரு வீட்டுல இருந்துச்சாம்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீர் புகுந்த ஊரில் காய்ந்த அரிசி எப்படி மிஞ்சியது என்பது அவருக்கு இரண்டு நாள் கவலையாக இருந்தது.

கடைசி வாரம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேசுவது குறைந்துவிட்டது. ஒரு காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை எடுத்து, "பாபநாசம் 104 அடி" என்று காதருகில் வாசித்தேன். கண்ணைத் திறக்காமலேயே தலையை அசைத்து, "அது நேத்தயது" என்றார். தேதியைப் பார்த்தேன், முந்தைய நாளின் பேப்பர்தான். கீழே இறங்கிப் போய், பஸ் நிறுத்தத்துக் கடையில் அன்றைய பேப்பரை வாங்கி வந்து, "103" என்று சொன்னேன்.

"சரி. அறுப்பு வரைக்கும் போதும்" என்றார்.