புதுப்பிப்பு: கடைசியில் தரைதான்

அடுப்பில் பால் பொங்கும்போது கையிலிருக்கும் மூன்று வாரக் குழந்தையை எங்கே கிடத்துவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். கட்டிலில் போட்டு இரண்டு பக்கமும் தலையணை வைக்கலாம் என்பது அம்மாவின் யோசனை. அதை விட்டுவிட்டோம். புரளத் தெரியாத குழந்தைகூடக் காலை உதைத்து உதைத்தே நகர்கிறது. தலையணை முகத்தில் அழுந்தினால் தள்ளிவிடத் தெரியாது. சோபா அதைவிட மோசம், இடுக்கில் சரிந்துவிடும்.

இப்போது கூடத்து மூலையில் கோரைப்பாய், மேலே சுருக்கமில்லாமல் செருகிய ஒற்றைப் பருத்தி விரிப்பு. மல்லாக்கத்தான் படுக்க வைக்கிறோம். இரண்டாம் நாளே எறும்பு வந்துவிட்டது! பால் சொட்டிய துணிதான் காரணம். அப்புறம் தினமும் விரிப்பை மாற்றி, தரையை ஈரத்துணியால் துடைக்கிறேன். பெரியவன் ஓடியாடும் நேரத்தில் மட்டும் வலைத்தடுப்பு வைத்த தொட்டில். "பச்சைப்பிள்ளையைத் தரையிலா?" என்று அம்மா இன்னும் முறைக்கிறார்.