கேட் பெண்டுலம் சீஸ்மோமீட்டர்: ஆட்டம் நிக்க மாட்டேங்குது

மொட்டைமாடி: நிலநடுக்கத்தைப் பதியுற சீஸ்மோமீட்டர் ஒண்ணு லெஹ்மன் மாடல்ல செஞ்சேன், கேட் கதவு மாதிரி பக்கவாட்டுல ஆடுற பெண்டுலம். 80 செ.மீ. அலுமினியக் குழாய், நுனியில ஒரு கிலோ ஈயம், கிடார் கம்பியில தொங்குது. அலைவு நேரம் 15 செகண்டு. தெருவுல தண்ணி லாரி போனா பத்து நிமிஷம் ஆடுது. மத்தியானமானா பதிவாகுற கோடு ஒரு பக்கமா ஏறுது. சென்னை, ரெண்டாவது மாடி.

பழைய ரேடியோ: தம்பி, ஆட்டத்தை அடக்குற தணிப்பு எங்க? குழாய் நுனியில தடிமனான செப்புத் தகடு மாட்டி, ரெண்டு பக்கமும் நியோடிமியம் காந்தம் வைங்க. தகடு அசையும்போது அதுல உண்டாகுற சுழல் மின்னோட்டமே பிரேக் போடும். தள்ளிவிட்டா நடுவை ஒரே தடவை லேசா தாண்டிட்டு நிக்கணும். கோடு ஏறுறது வெயிலும் காத்தும். தெர்மகோல் பெட்டியால மூடுங்க. முதல்ல கீழ்த்தளத்துக்கு இறக்குங்க, மாடி கட்டடத்தோட சேர்ந்து ஆடும்.

மொட்டைமாடி: அம்மாவோட ஓட்டைச் செப்புச் சொம்பை வெட்டி, தட்டி நிமித்திட்டேன் சார் (திட்டு தனி). மாடிப்படிக்கு அடியில வெச்சாச்சு. இப்ப நச்சுனு நிக்குது. ஆனா ராத்திரி பூரா கோட்டுல 5, 6 செகண்டுக்கு ஒரு நெளிவு. வயரிங் கோளாறா?

பழைய ரேடியோ: வயரைத் தொடாதீங்க! அது கடல் அலை தரையைத் தட்டுறது. வங்கக்கடல்ல புயல் வந்தா இன்னும் பெருசாகும், பாருங்க.