ஒட்டடை, நூலாம்படை, சிலந்தி வலை: மூன்றும் ஒன்றுதானா?

சிப்புட் டீச்சர்:
நான்காம் ஆண்டு மாணவர்களுக்குச் சொற்பட்டியல் தயாரிக்கிறேன். மலாயில் 'சாராங் லாபா-லாபா' என்பதைப் பிள்ளைகள் தமிழில் 'சிலந்திக் கூடு' என்றே எழுதுகிறார்கள். வீட்டில் ஒட்டடை என்கிறார்கள். எங்கே எதை எழுதுவது? ஒட்டடை எப்படி வந்த சொல்? ஒட்டறை தவறா?

வேர்ச்சொல்:
டீச்சர், பெயரை விடுங்கள், வினையைப் பாருங்கள். சிலந்தி வலையைத்தான் பின்னும், ஒட்டடையைப் பின்னாது. ஒட்டடை படியும், தொங்கும். நாம் அதை அடிப்போம். வலை இரை பிடிப்பதற்கு. சிலந்தி விட்டுப்போன வலையில் தூசும் புகைக்கரியும் ஏறிக் கறுத்தால் அது ஒட்டடை. ஒட்டு + அடை, ஒட்டி அடைந்தது. விறகடுப்பு எரிந்த லயத்து வீடுகளின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அடுக்களைக் கூரையில் அது தடித்துத் தொங்கியதற்கு விறகுப் புகையின் பிசுக்குதான் காரணம்.

மலாயில் சாராங் என்றால் கூடு. அதை அப்படியே கொண்டுவந்தால், தமிழில் சிலந்தியின் முட்டைப் பைதான் நினைவுக்கு வரும். 'சிலந்தி வலை' என்றே திருத்துங்கள். ஒட்டடைக்கு மலாயிலும் தனிச்சொல் உண்டு: சாவாங்.

ஏட்டுச்சுவடி:
ஒட்டறை பேச்சிலும் எழுத்திலும் வழங்குவதுதான், பிழையென்று கோடு போடாதீர்கள். ஆனால் பட்டியலில் ஒட்டடை இருக்கட்டும், 'ஒட்டு' பிள்ளைகளுக்கு உடனே புரியும். நூலாம்படையும் ஒட்டடையே, அதில் முன்னே நிற்பது நூல்.

சிலந்தியின் பழைய பெயர் சிலம்பி. பெரும்பாணாற்றுப்படையில், சிலம்பியின் வெண்ணூல் சூழ்ந்த நெற்போர், துகில் உடுத்தித் துணங்கைக் கூத்து ஆடும் பூதம்போல் நிற்கிறது. எவ்வளவு நுட்பமான கண்! தெலுங்கில் சிலந்தி 'சாலெபுருகு', நெசவாளப் பூச்சி. அங்கும் வலை 'சாலெகூடு', ஒட்டடை 'பூஜு'. பூஞ்சணத்துக்கும் அதே பெயர். மலையாளத்தில் ஒட்டடை 'மாறால'. வகுப்பில் தெலுங்கு, மலையாளக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

ஈர்க்குமாறு:
'அடித்தல்' என்ற வினையை விளக்கும்போது ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஓங்கி அடித்தால் கரி தலையில் கொட்டும். நீண்ட மூங்கில் கம்பின் நுனியில் ஈர்க்குமாற்றைக் கட்டி, மெல்லச் சுழற்ற வேண்டும். இழை ஈர்க்கில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். ஈரத்துணி கூடாது, சுண்ணாம்புச் சுவரில் கரி அப்பிக்கொள்ளும். அந்தக் கம்புக்குப் பெயர் ஒட்டடைக்கம்பு. 'சிலந்தி வலைக்கம்பு' என்று யாரும் சொல்வதில்லை.