சைட்டோகைன்: 'உயிரணு இயக்கி' பொருந்துமா?

வணக்கம்.

நோயெதிர்ப்பு செல்கள் மற்ற செல்களுக்குச் செய்தி சொல்லச் சுரக்கும் புரதமான சைட்டோகைனுக்குத் தமிழில் 'உயிரணு இயக்கி' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். கிரேக்க வேரைப் பிரித்தால் சரிதான், ஆனால் முதல்முறை படிக்கும் மாணவருக்கு இந்தப் புரதம் செல்லுக்குள் புகுந்து எதையோ ஓட்டுகிறது என்றுதான் தோன்றும். செய்தி சொல்ல அது உள்ளே போவதே இல்லை, வாசலில் நின்றே, அதாவது செல்லின் மேற்பரப்பில் அதைப் பிடித்துக்கொள்ளும் 'ஏற்பி' என்ற புரதம் வழியாகவே, சொல்லிவிடுகிறது. (அப்புறம் ஏற்பியோடு சேர்த்து அதைச் செல் உள்ளிழுத்துச் சிதைப்பது தனிக்கதை.)

இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைனை எடுத்துக்கொள்வோம். முதலில் தன் ஏற்பியில் பிணைகிறது. அதனால் மட்டும் ஒன்றும் நடக்காது. அந்த இணை போய் ஜிபி130 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து, இரண்டு ஜிபி130கள் அருகருகே வந்த பிறகுதான், அவற்றின் உட்பக்க வாலில் ஒட்டியிருக்கும் ஜேக் நொதிகள் ஒன்றையொன்று தூண்டி, ஸ்டாட் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றி, அந்த ஸ்டாட்கள் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்குகின்றன. இயக்குகிற வேலை முழுக்க உள்ளே இருப்பவர்களுடையது. அதனால் என் பரிந்துரை 'தூதுப்புரதம்'.

இன்சுலினும் தூது சொல்லும் புரதம்தானே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. கட்டுரையில் முதல் இடத்தில் 'நோயெதிர்ப்புத் தூதுப்புரதம்' என்று முழுசாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிணைதல், தூண்டல் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கக் கூடாது. நம் உடலே இன்டர்லூகின்-1க்கு ஒரு போட்டிப் புரதத்தைச் சுரக்கிறது. அதுவும் அதே ஏற்பியில் நன்றாகவே போய் உட்காரும், ஆனால் அடுத்து வந்து சேரவேண்டிய துணைப்புரதத்தை அதனால் சேர்க்க முடியாது, எனவே சமிக்ஞை கிளம்பாது, இடம் மட்டும் அடைபட்டுவிடும். இதன் செயற்கை வடிவம்தான் முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்படும் அனகின்ரா. 'பிணைந்தால் தூண்டும்' என்று எழுதிப் பழகிவிட்டால் இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கவே வழியிருக்காது. இப்படிப்பட்டவற்றுக்கு 'ஏற்பி மறிப்பி' எனலாம்.

எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்பதற்குப் 'பிணைப்பு நாட்டம்' போதும். இன்டர்லூகின்-2 ஏற்பிக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று புரதச் சங்கிலிகள்: ஆல்ஃபா தனியாக இருந்தால் பிடி தளர்வு, பீட்டாவும் காமாவும் சேர்ந்தால் ஏறத்தாழ 1000 மடங்கு இறுகும்; நாட்டம் கூடியது என்று இயல்பாகவே எழுத முடிகிறது.

ஜிபி130 போன்றவற்றைத் 'துணையேற்பி' என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சமிக்ஞையே அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது, அதைத் துணை என்று ஒதுக்க மனம் வரவில்லை. 'இணையேற்பி' என்று வைத்துக்கொள்ளலாமா? இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் சொல்லுங்கள்.