36 பிள்ளைகள் உள்ள வகுப்பில் வழிகாட்டிய வாசிப்பும் சுயாதீன வாசிப்பும்

மூன்றாம் தர ஆசிரியை, கொட்டாஞ்சேனை:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பு வடக்கில் உள்ள ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் மூன்றாம் தரத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வகுப்பில் 36 பிள்ளைகள். அவர்களுள் ஏழெட்டுப் பேர் கையில் கிடைத்த எதையும் சரளமாக வாசித்துவிடுவார்கள். ஆறு பேர் இன்னமும் எழுத்துக்கூட்டியே வாசிக்கிறார்கள். மற்றவர்கள் இடையில் நிற்கிறார்கள். இதுவரை நான் செய்துவந்தது எல்லோருக்கும் பழகிய முறைதான்: பாடநூலின் பந்தியை நான் ஒருமுறை வாசிப்பேன், பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள், பின்னர் வரிசையாக எழுந்து ஆளுக்கு இரண்டு வரி வாசிப்பார்கள். சென்ற மாதம், உரத்த குரலில் பிழையின்றி வாசித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனின் கையிலிருந்து புத்தகத்தை மெதுவாக வாங்கிக்கொண்டேன். அவன் நிறுத்தாமல் பந்தியின் கடைசி வரி வரை சொல்லி முடித்தான். வேறொரு பக்கத்தைக் கொடுத்தபோது மூன்று சொற்களைக்கூட அவனால் வாசிக்க இயலவில்லை. மூன்று வருடமாக அவன் வாசிக்கிறான் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருக்கிறோம்.

ஆகவே பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் என் உதவியோடு வாசிக்கும் வழிகாட்டிய வாசிப்பையும், ஒவ்வொருவரும் தாமே தெரிந்தெடுத்து வாசிக்கும் சுயாதீன வாசிப்பையும் தொடங்க விரும்புகிறேன். தாய்மொழிக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்க முடியும். ஒரு குழுவுடன் நான் இருக்கும்போது மற்ற 30 பேரும் என்ன செய்வது? தமிழில் படிநிலை வகுத்த நூல்கள் போதிய அளவில் இல்லாதபோது, எந்த நூல் எந்தப் பிள்ளைக்கு ஏற்றது என்று எப்படி அறிவது? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை இப்போதே எண்ணிக் கவலைப்படும் பெற்றோரிடம், பிள்ளை பாயில் அமர்ந்து கதைப்புத்தகம் வாசிக்கும் இருபது நிமிடத்தை எப்படி விளக்குவது?

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், தெஹிவளை:

அன்பின் ரீச்சர் அவர்களுக்கு, அந்த மாணவனின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தீர்களே, அந்தக் கவனத்தைத்தான் வழிகாட்டிய வாசிப்பு வேண்டி நிற்கிறது. ஆறு பிள்ளைகளை வட்டமாக இருத்தி மாறி மாறி உரக்க வாசிக்கச் செய்தால், முப்பத்தாறு பேருக்குச் செய்ததை ஆறு பேருக்குச் செய்ததாகவே முடியும். ஆறு பேரிடமும் ஒரே நூலின் பிரதி இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் தாழ்ந்த குரலில் வாசிக்க, நீங்கள் ஒருவர் பின் ஒருவராக அருகே சாய்ந்து கேட்க வேண்டும். தொடங்குமுன் கதை எதைப் பற்றியது என்று இரண்டு நிமிடம் கதையுங்கள். முடிந்தபின் எல்லோரும் இடறிய ஒரேயொரு விடயத்தை மட்டும் எடுத்துக் கற்பியுங்கள். பதினைந்து நிமிடம் போதும்.

நாளுக்கு இரண்டு குழு என்றால் வாரத்துக்குப் பத்துத் தடவைகள் கிடைக்கும். அவற்றை ஆறு குழுக்களுக்கும் சமமாகப் பங்கிட வேண்டாம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அந்த ஆறு பேருக்கு மூன்று, அடுத்த இரு குழுக்களுக்கும் இரண்டிரண்டு, மீதி மூன்று குழுக்களுக்கும் ஒவ்வொன்று. சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு வாரத்தில் ஒருமுறை நீங்கள் கிட்டினால் அவன் வளர்வான்; தடுமாறும் பிள்ளையால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

நூலின் கடினத்தை அறிவதற்கு, நியூசிலாந்தின் வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே உருவாக்கிய வாசிப்புப் பதிவு நல்ல வழி. பிள்ளை வாசிக்கும்போது சரியான சொல்லுக்கு ஒரு குறியும், பிழைத்த சொல்லுக்கு அவன் சொன்னதையும் எழுதிக்கொள்வதுதான் அது. 100 சொற்களுக்கு 95 அல்லது அதற்கு மேல் சரியென்றால் அந்நூலைத் தனியே வாசிக்கலாம், 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியருடன் வாசிக்கலாம், அதற்கும் குறைந்தால் கடினம் என்பது அதைக் கையாள்பவர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. இந்த எண்கள் ஆங்கில வாசிப்பிலிருந்து வந்தவை என்பதை மறக்கக்கூடாது. ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களாக நிற்பது, தமிழில் 'மரத்திலிருந்துகொண்டு' என்று ஒரே சொல்லாகிவிடும். ஆதலால் நான் 50 சொற்களுள்ள ஒரு பக்கத்தை எடுத்து, மூன்று பிழைக்குள் என்றால் குழுவில் வைத்துக்கொள்வேன், ஆறுக்கு மேல் என்றால் வேறு நூல் தேடுவேன்.

எண்ணிக்கையைவிடப் பிழையின் இனந்தான் எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது. 'பழம்' என்பதைப் 'பளம்' என்று வாசித்தால் அது அவன் வீட்டுப் பேச்சு. நான் அதைப் பிழையாக எண்ணுவதில்லை. 'கொடி'யைக் 'கெடி' என்று வாசித்தால், எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பை மட்டும் கண்டு, பின்னால் நிற்கும் கால் குறியை அவன் விட்டுவிட்டான் என்று பொருள். அதை நேரடியாகக் கற்பிக்க வேண்டும். 'இல்லம்' என்பதைப் படத்தைப் பார்த்து 'வீடு' என்று வாசித்தால் கருத்துச் சரி, ஆனால் கண் எழுத்தில் இல்லை; இந்த ஊகத்தை ஊக்கப்படுத்தினால் படமில்லாத நூல் வரும்போது அவன் தவித்துப்போவான். 'வந்துவிட்டான்' என்றிருப்பதை 'வந்திட்டான்' என்று வாசிப்பது இவை எல்லாவற்றிலும் வேறானது. அங்கே பிள்ளை விளங்கி வாசிக்கிறான், தன் வாய்மொழிக்கு மாற்றிக்கொள்கிறான். அவனை முகம் சுளித்துத் திருத்தாதீர்கள். 'நீ சொன்னது சரி, புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் பார்' என்றால் போதும். யாழ்ப்பாணப் பேச்சும், மலையகப் பேச்சும், மட்டக்களப்புப் பேச்சும், முஸ்லிம் குடும்பங்களின் பேச்சும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் கொழும்பு வகுப்பில் எழுத்துத் தமிழ் எந்தப் பிள்ளைக்கும் வீட்டு மொழி அன்று என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நான்காம் தர ஆசிரியர், மருதானை:

ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். சுயாதீன வாசிப்பைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, ஆசிரியரின் உதவியோடும் திருத்தத்தோடும் உரக்க மீள மீள வாசிப்பது சரளத்தை வளர்க்கிறது என்று கண்டது. பிள்ளைகளைத் தாமாக மௌனமாக வாசிக்கும்படி விடுவது அவ்வாறு வளர்க்கிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றது. அது பயனற்றது என்று அவ்வறிக்கை தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் என் வகுப்பில் நான் கண்டதும் அதற்கு அண்மையானதே. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள். தெரியாதவர்கள் தடித்த புத்தகமாக எடுத்து, பக்கங்களைத் திருப்பி, மணி அடிக்கும்வரை அமைதியாக இருந்தார்கள். அமைதியாக இருந்ததனாலேயே ஒரு தவணை முழுவதும் அவர்கள் என் கண்ணில் படவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

பின்னர் ஒரு மாற்றம் செய்தேன். குழுவில் என்னுடன் வாசித்து முடித்த நூல் அதே குழுவின் பெட்டிக்குள் போகும். சுயாதீன வாசிப்பின் முதற் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தம் பெட்டியிலிருந்தே, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி, ஏற்கெனவே வாசித்த நூலை மீண்டும் வாசிக்க வேண்டும். அதன்பின் விரும்பியதை எடுக்கலாம். உங்கள் 30 பேரின் கேள்விக்கும் இதுவே என் மறுமொழி. இந்த ஒழுங்கு பழகுவதற்கு மூன்று வாரம் சென்றது. அந்த மூன்று வாரமும் நான் குழு வைக்காமல், பெட்டியை எடுப்பதையும், பாயில் அமர்வதையும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பதையும் மட்டுமே பழக்கினேன்.

பிரதிகளுக்கு நூல்களை வாங்கி மாளாது. பிள்ளைகள் சொல்லும் கதையை நான் எழுதி, ஏ4 தாளை மடித்துச் சிறு நூலாக்கி, ஆறு பிரதி எடுக்கிறேன். ஆடிவேல் தேர் பார்க்கப் போனது, காலிமுகத்திடலில் பட்டம் அறுந்தது, கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, கரையோர ரயிலில் கடலைப் பார்த்துக்கொண்டு போனது என்று இதுவரை 14 நூல்கள் சேர்ந்துள்ளன. அவர்கள் சொன்ன வாக்கியத்தையே எழுத்துத் தமிழில் எழுதிக் காட்டும்போது, வீட்டுப் பேச்சுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே ஐயா குறிப்பிட்ட அந்த இடைவெளியைப் பிள்ளைகள் தாமே காண்கிறார்கள்.

ஒரு தாய், வெள்ளவத்தை:

நான் ஆசிரியை அல்லள்; பெற்றோர் பற்றிய கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். என் மகனின் முன்னைய பாடசாலையில் தினமும் வாசித்த நூலின் பெயர், பக்கம், கருத்து ஆகியவற்றை எழுதி நாங்கள் கையொப்பமிட வேண்டும். இரண்டே மாதத்தில் அவன் அட்டையைப் பார்த்துக் கொப்பியை நிரப்பக் கற்றுக்கொண்டான், வாசிப்பதை விட்டுவிட்டான். இப்போது தமிழ்ச் சங்க நூலகத்துக்கும், மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொழும்பு பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கும் அழைத்துச் செல்கிறேன். இரவில் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவன். நீங்கள் கூட்டத்தில் எங்களுக்கு விளக்குவதைவிட, ஒரு நாள் எங்களை வகுப்பின் பின்வரிசையில் இருத்தி, எங்கள் பிள்ளை வாசிப்பதைக் கேட்கவிடுங்கள். புலமைப்பரிசில் வினாத்தாளில் கேள்வியை விளங்கி வாசிக்க முடியாததால்தான் பிள்ளை புள்ளியை இழக்கிறது என்பது அங்கேயே எங்களுக்குப் புரிந்துவிடும்.

மூன்றாம் தர ஆசிரியை, கொட்டாஞ்சேனை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வாரம் 36 பேரையும் தனித்தனியே 50 சொற்கள் வாசிக்கக் கேட்டு முடித்தேன். நடுவில் நிற்பதாக நான் எண்ணியிருந்தவர்களில் ஐவர் ஒகர, ஓகாரக் குறியிலேயே இடறுகிறார்கள்; சரளமாக வாசிப்பவர்களில் இருவருக்குத் தாம் வாசித்தது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஆதலால் குழுக்களை மாற்றி அமைத்திருக்கிறேன். திங்கட்கிழமை முதல் மூன்று வாரம் ஒழுங்கை மட்டும் பழக்கப் போகிறேன். நூலை மனப்பாடமாகச் சொன்ன அந்த மாணவனிடம் இன்று ஒரு கதை கேட்டு எழுதிக்கொண்டேன். முகத்துவாரத்தில் அவனுடைய மாமா வலை தைப்பது பற்றிய ஆறு வரிகள். நாளை அவற்றை அவனிடமே வாசிக்கக் கொடுப்பேன். தான் சொன்ன கதை என்பதால் இதையும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவானோ என்று ஒரு தயக்கம் இருக்கிறது. வரிகளை வெட்டி, இடம் மாற்றிக் கொடுத்து அடுக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், தெஹிவளை:

வரிகளை அடுக்கியபின், ஒவ்வொரு வரியையும் சொற்களாக வெட்டிக் கொடுங்கள், ரீச்சர். 'வலை' எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அவன் விரல் போகும் இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.