ஒரே வகுப்பில் மூன்று சொக்கலிங்கம்: மார்க் பட்டியலும் பைத்தானும்

காரைக்குடி, ஞாயிறு வகுப்பு எடுப்பவர்

பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற கணினி நிரல் மொழி சொல்லித் தருகிறேன். ராமு 80, சீதா 75 என்று நாலு வரிப் பட்டியலைக் கொடுத்தால் எந்த நிரலும் ஓடிவிடும்; பிள்ளைகளும் கொட்டாவி விடுவார்கள். அதனால் இந்தத் தடவை நம்ம ஊர்ப் பெயர்களைப் போட்டு, பத்தாம் வகுப்புக் கணக்கில் ஐந்து பாடம், 500 மார்க் என்று 40 வரிப் பட்டியல் ஒன்று தயார் செய்தேன்.

ஒரு பையன் பெயரைக் கீயாகவும் (தேடி எடுக்கும் அடையாளம்) மார்க்கை அதன் மதிப்பாகவும் வைத்து டிக்‌ஷனரி கட்டினான். எத்தனை பேர் என்று எண்ண லென் போட்டால் 36 வருகிறது. "சார், நாலு பேரைக் காணோம்!" பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயா பெயரை வைக்கிற ஊரில் சொக்கலிங்கமும் மெய்யப்பனும் ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேர் இருக்கத்தானே செய்வார்கள்? டிக்‌ஷனரியில் ஒரே கீ மறுபடி வந்தால் பழைய மதிப்பு சத்தமில்லாமல் போய்விடும். கடைசிச் சொக்கலிங்கத்தின் மார்க் மட்டும் மிச்சம். பதிவெண்ணைக் கீயாக மாற்றியதும் 40 பேரும் வந்துவிட்டார்கள்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்களேன்.

தேவகோட்டை

அண்ணே, எங்களிடம் இனிஷியலே பெரிய பாடம். "ராம. சொக்கலிங்கம்", "சுப. அழகப்பன்" என்றுதானே எழுதுகிறோம்? இனிஷியலைத் தனியாக எடுக்கச் சொன்னேன். என் தங்கச்சி மகள் பெயரின் பூஜ்யமாவது எழுத்தை, அதாவது பைத்தான் எண்ணுகிறபடி முதல் எழுத்தை, எடுத்தாள். "ராம." என்பது "ர" ஆகிவிட்டது, "சுப." என்பது "ச". கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் எழுத்து தனி, கால் தனி, கொம்பு தனி. பைத்தான் அதில் முதல் துண்டை மட்டும் கொடுக்கும். புள்ளியில் ஸ்ப்ளிட் செய்தால், அதாவது பிரித்தால், சரியாக வரும். புள்ளிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் இடைவெளியை நீக்க ஸ்ட்ரிப்.

புதுவயல்

பட்டியலை வரிசைப்படுத்தும் சார்ட் செய்ததை இன்னொரு மாறியில் வாங்கி, பிரிண்ட் போட்டு, 'நன்' (ஒன்றுமில்லை) என்று வந்ததும் திகைத்து நிற்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. சார்ட் இருக்கிற பட்டியலையே அடுக்கும், எதையும் திருப்பித் தராது. சார்ட்டட்தான் புதுப் பட்டியல் தரும். அவ்வளவுதான்.

கோட்டையூர், பள்ளி அலுவலகம்

எங்கள் பட்டியலில் தேர்வுக்கு வராதவர்களுக்கு மார்க் இடத்தில் 'ஏபி' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். பயிற்சிக்கு வந்த பெண் கோப்பைப் படித்து, மார்க்கை எண்ணாக மாற்றாமல் நேராக, பெரியதை எடுக்கும் மேக்ஸ் போட்டாள். வராத பிள்ளைதான் முதல் மார்க்! சரங்களை (எண்ணாக மாற்றாத எழுத்துத் தொடர்களை) ஒப்பிடும்போது ஆங்கில எழுத்து இலக்கத்தைவிடப் பெரியது. அந்த வரிகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் 100 வாங்கியவன் இருக்க, 98 வாங்கியவன் முதலில் நிற்கிறான். முதல் எழுத்திலேயே 9 என்பது 1-ஐவிடப் பெரிது, அதோடு ஒப்பீடு முடிந்தது. இலக்கம் மட்டும்தானா என்று பார்க்கும் இஸ்டிஜிட் வைத்துச் சலித்து, இன்ட் கொண்டு எண்ணாக்கிய பிறகுதான் மேக்ஸ் பக்கமே போக வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தோம். நிஜப் பட்டியல் என்றால் சிரித்திருக்க மாட்டோம்.

பள்ளத்தூர், டியூஷன்

ஒரு ஆச்சி பேரன் மார்க்கோடு வந்து நின்றார்கள். இரண்டு தேர்வில் 33, 36, சராசரி 34.5. முழு எண்ணாக்க ரவுண்ட் போட்டதில் 34, அதாவது பெயில். பக்கத்து வீட்டுப் பையனுக்கு 35.5 வந்து 36 ஆகியிருந்தது. "அவனுக்கு மட்டும் ஏத்திப் போட்டியா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பைத்தான் 3-இல் ரவுண்ட் சரிபாதியாக நிற்கும் எண்ணைப் பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும்: 34.5 கீழே, 35.5 மேலே. அதை ஆச்சிக்கு எப்படிப் புரியவைப்பது?

காரைக்குடி, ஞாயிறு வகுப்பு எடுப்பவர்

ரவுண்டை விட்டுவிடுங்கள். சராசரியோடு 0.5 கூட்டி, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டும் இன்ட் போட்டால் 34.5 எப்போதும் 35தான். அந்த 33, 36-ஐ அடுத்த பட்டியலில் சேர்க்கிறேன். கோட்டையூர் சார், உங்கள் 'ஏபி' வரிகளும் வேண்டும்.