எமர்ஜென்சி மாதிரி திரும்ப வந்தா நம்ம உரிமையெல்லாம் என்ன ஆகும்?

தேனிக்காரன்: 1975ல எமர்ஜென்சி போட்டப்போ விசாரணையே இல்லாம ஆளுங்கள உள்ள தள்ளினாங்க, கோர்ட்டும் கைவிட்டுருச்சுன்னு எங்க தாத்தா சொல்வார். இப்பவும் அப்படிப் பண்ண முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சட்டம்_படிக்கிறேன்: தாத்தா சொன்னது உண்மைதாங்க. மிசாங்கிற, விசாரணை இல்லாம உள்ள வைக்கிற சட்டத்துல பிடிச்சவங்களுக்காக ஆட்கொணர்வு மனு (பிடிச்சு வச்சவர கோர்ட் முன்னாடி கொண்டு வரணும்னு கேக்குற மனு) போட்டாங்க, பல ஹைகோர்ட் விசாரிக்கலாம்னு சொல்லிருச்சு, ஆனா 1976 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்ல 5 நீதிபதில 4 பேரு எமர்ஜென்சில அந்த மனுவே போட முடியாதுன்னு தீர்ப்பு குடுத்துட்டாங்க. எதிர்த்து எழுதினது எச்.ஆர்.கன்னா ஒருத்தர்தான், அதனால 1977ல அவர விட ஜூனியரத் தலைமை நீதிபதி ஆக்கினாங்க, மனுஷன் ராஜினாமா பண்ணிட்டு வெளிய வந்துட்டார். அவர நினைச்சா இன்னிக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோணுது. அப்புறம் 1978ல 44வது திருத்தம் வந்துச்சு, இப்ப எமர்ஜென்சி போட்டாலும் 21வது பிரிவு, அதாவது உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமைய நிறுத்தி வைக்க முடியாது.

வைகை: இன்னொன்னு, 2017ல தனியுரிமை வழக்குல 9 நீதிபதிங்க பெஞ்ச் அந்த 1976 தீர்ப்பே தப்புன்னு ரத்து பண்ணுச்சு. அத எழுதின டி.ஒய்.சந்திரசூட்டோட அப்பா, பழைய தீர்ப்புல அந்த 4 பேர்ல ஒருத்தர்.

கடலூர்_அக்கா: ரொம்ப நிம்மதியாகிடாதீங்க தம்பி. எமர்ஜென்சி இல்லாமலே தடுப்புக்காவல், அதாவது தப்பு பண்ணிடுவாங்கன்னு முன்கூட்டியே பிடிச்சு வைக்கிறது இருக்கே, நம்மூர் குண்டர் சட்டத்துல (குண்டாஸ்) 12 மாசம் வரைக்கும் உள்ள வைக்கலாம், அரசியல் சட்டம் 22வது பிரிவே அதுக்கு இடம் குடுக்குது. யாரையாவது அப்படிப் பிடிச்சா காரணத்த 5 நாளுக்குள்ள எழுத்துல தரணும், அத வாங்கிட்டு உடனே ஹைகோர்ட் வக்கீலப் பாருங்க, ஆர்டர் நிறைய ரத்தாகுது.